73939133: தொடர்புகளுக்கு

சாரங்கன் ஆறு மணிக்கு எழும்பினான். பல் தீட்டினான். முகம் கழுவினான். கேத்திலில் தண்ணீர் வைத்தான்; கொதித்ததும் அது தானாக நின்றது. இரண்டு துண்டு பாணில் மாஜரின் பூசிச் சாப்பிட்டான். மிச்சப் பாணைப் பையில் சுற்றி மேசையில் வைத்தான். கடற்கரைப் பக்கத்து யன்னலைத் திறந்தான். கோட்டைக்குப் போகும் ரயில் போனது. யன்னலைச் சாத்தினான். சேட்டை அயர்ன் பண்ணி முடித்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. ஆனாலும் போட்டுக்கொண்டான். போடாமல் இருப்பதற்கும் ஒரு காரணம் வேண்டுமே.

போனை எடுத்துப் பார்த்தான். ஒருவரும் அழைத்திருக்கவில்லை. நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை.

இது அவனுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. வெள்ளவத்தையில் ஒருவன் முப்பத்து நாலு வயதில் பெண்சாதியைப் பறிகொடுத்தால், பூமிப்பந்தின் எந்தப் பக்கம் விடிகிறதோ அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் அவனுக்குப் போன் எடுப்பார்கள். கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றுதான். சாப்பிட்டனீரோ? இனி என்ன செய்யப் போறீர்? பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் ஆசையோடும்: கடைசியா என்ன சொன்னவ?

முதல் இரண்டுக்கும் "ஓம்" என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். மூன்றாவதுக்கு அவன் ஒன்றும் சொல்வதில்லை. "பாவம், பேச முடியேல்லை" என்று அவர்களே முடிவுகட்டி வைத்துவிடுவார்கள்.

அந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்க உரிமையுள்ள ஒரே ஆள் தாரிகாவின் தாய், மனோன்மணி. அவர் கேட்கவில்லை. செத்தவீட்டில் வைத்து ஒரேயொரு முறை, "ஏன் எனக்கு ஒரு சொல் அறிவிக்கேல்லை?" என்று கேட்டார். அதற்கான பதில் சாரங்கனிடம் இருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து மாமியாரும் அவனோடு வாயைத் திறக்கவில்லை. கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் மாமனார் சிவபாதசுந்தரம் மட்டும் தூதுவராலயம் நடத்திக்கொண்டிருந்தார்.

தாரிகாவைக் கொண்டுபோனது டெங்கு. நுளம்பு ஒன்று கடித்துச் செத்துப்போகிற அளவுக்கு அவள் சின்ன ஆள் இல்லை என்றுதான் சாரங்கன் நினைத்திருந்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பித்தாள். கண்ணில் படுகிற எந்த எண்ணையும் சாதி பிரிக்காமல் விடமாட்டாள். பஸ் இலக்கம், மின்சாரக் கட்டணம், கடைக்காரன் பில் எல்லாவற்றுக்கும் ஒரு வகுப்பு உண்டு. ஒரு எண்ணின் காரணிகளை, அந்த எண்ணை விட்டுவிட்டு, கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை எண்ணைவிடக் கூடினால் மிகை எண், குறைந்தால் குறை எண், சரியாக அதுவே வந்தால் செவ்விய எண். இதை வைத்துச் சொந்தக்காரரையும் பிரித்து வைத்திருந்தாள். சாரங்கனின் சித்தப்பா மிகை. சாரங்கன் குறை. செவ்விய எண்கள் மிக அபூர்வம், எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒன்றும் அகப்படவில்லை என்பாள்.

வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தும் அவள் இதை விடவில்லை. தாதி வந்து பிளேட்லெட் நாற்பத்திரண்டாயிரம் என்றாள். "மிகை எண்" என்றாள் தாரிகா. மத்தியானம் பத்தொன்பதாயிரம் என்றார்கள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு, "இதுவும் மிகைதான். ஆள் குறையக் குறைய எண் மட்டும் மிகையாத்தான் இருக்கு, பாருங்கோ" என்று சிரித்தாள். தாதிக்கு இது காய்ச்சலில் பிதற்றுவதாகத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு முறை நாடி பிடித்துப் பார்த்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். தொப்பி, மடித்துவிட்ட கைச்சட்டை, கையில் ஒரு சீப்பு ஆனைவாழைப்பழம்.

"சாரங்கன் எண்டது நீங்களா?"

"ஓம்."

"மனிசி மவுத்தானது ஒங்களுக்குத்தானே?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றவர் உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "மன்னிச்சிக்கங்க தம்பி. ஆளக் கண்டுபிடிச்ச சந்தோசத்துல வாய் வந்திரிச்சி. என்ட பேர் பௌஸி. மாளிகாவத்த. பஞ்சிகாவத்தயில ஸ்பெயார் பார்ட்ஸ் கடை ஈக்கி. வெள்ளிக்கிழமயிலேந்து ஒங்கட துக்கத்த நான்தான் பாத்துக்கிட்டு ஈக்கிறன்."

சாரங்கன் அவரை உள்ளே விட்டான். பௌஸி கதிரை நுனியில் உட்கார்ந்து பழச்சீப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஜும்மாவுக்குப் பொறப்படுற நேரம் மொத கோல். கனடா. ஒரு பொம்புள அழுவுது. ரோங் நம்பர் எண்டேன். 'தம்பி, துக்கத்தில இப்பிடித்தான் கதைப்பீங்கள்' எண்டு இன்னும் பலமா அழுதிச்சி. பொறகு லண்டன். பொறகு சுவிஸ். அது ஒரு மனிசன். நோட்டீஸ்ல அவர்ட பேர மச்சான்மார்ட லிஸ்ட்டுல கடைசில போட்டீக்காம். ஏசு ஏசெண்டு ஏசினார். மொதல்ல போடுறன் எண்டு வாக்குக் குடுத்துட்டேன். அத மட்டும் செஞ்சி குடுங்க. இல்லாட்டி மறுபடியும் எடுப்பார்."

"கட் பண்ணியிருக்கலாமே, நானா."

"அழுவுற ஆள எப்பிடித் தம்பி கட் பண்ற?"

பௌஸி தன் போனை நீட்டினார். யாரோ ஒரு கனடாக்காரி அவருக்கே அனுப்பிவைத்த இணையத்தள அறிவித்தல். தாரிகா சேலை கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். கீழே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடக்கும் மண்டபம், வீட்டு விலாசம். அதற்கும் கீழே, "தொடர்புகளுக்கு: சாரங்கன் (கணவர்)". பக்கத்தில் ஒரு இலக்கம். சாரங்கனுடையது அல்ல.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு அந்த இலக்கத்தின் நடுவே தெரிந்த முகம் ஒன்று கூட்டத்துக்குள் நசுங்கிக் கிடப்பது போலத் தெரிந்தது. 73939133. முன்னால் யாரோ, நடுவில் யாரோ புகுந்திருந்தார்கள். ஒரு இலக்கம் மாறியும் இருந்தது.

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்பது இவர்கள் வழக்கம். பெயர்தான் கல்வெட்டு, கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகம். அட்டையில் படம், உள்ளே இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, தேவாரம், வம்ச விபரம், நன்றி நவிலல். வந்தவர்கள் சாப்பிட்டு முடித்து, அந்தப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு வான் வண்டி வரும்வரை நிற்பார்கள். இந்த வேலையை எல்லாம் சிவபாதசுந்தரம் தலையில் போட்டுக்கொண்டு செய்தார். சாரங்கன் கேட்டது ஒரேயொரு பக்கம். கொட்டாஞ்சேனை நிக்கலஸின் அச்சகத்துக்கு வட்ஸ்அப்பில் எட்டு இலக்கத்தை மட்டும் அனுப்பி, "கடைசிப் பக்கத்தில் இதைப் பெரிதாகப் போடவும்" என்று எழுதினான். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. விளக்கம் எழுதத் தொடங்கினால் தாரிகாவைப் பற்றி எழுத வேண்டி வரும்.

"இது போன் நம்பர் இல்லை, நானா" என்றான்.

"நல்லா அடிக்கிது தம்பி, நம்பர் இல்லாமயா?"

"இதுக்குள்ள கலந்து கிடக்கிற எட்டு இலக்கம். அவவுக்குப் பிடிச்ச எண்."

பௌஸி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாதக்கணக்கில் பாவித்த சாமானுக்குள் வேறு யாருடையதோ பாகம் இருப்பதாகச் சொன்ன மாதிரி. "இதுல என்ன ஈக்கி பிடிக்கிறதுக்கு?"

சாரங்கன் பேப்பர் துண்டொன்றில் எழுதிக் காட்டினான். முதன்மை எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாதது. 73939133 முதன்மை எண். கடைசி இலக்கத்தை வெட்டினால் 7393913. அதுவும் முதன்மை. இன்னும் வெட்டினால் 739391. முதன்மை. 73939, 7393, 739, 73, கடைசியில் வெறும் 7. எங்கே வெட்டினாலும் மிஞ்சுவது முதன்மையாகவே நிற்கும். இந்த மாதிரி எண்களில் ஆகப் பெரியது இதுதான். இதன் பின்னால் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் கெட்டுப்போகும்.

"அப்ப இது நல்ல நம்பர்."

"கணிதக்காரர் இதுக்கு வச்ச பேர் வேற." ஒன்றும் பூச்சியமும் மட்டும் உள்ள துவித முறையில் எழுதினால் இதில் பதின்மூன்று ஒன்றுகள் வரும். ஒன்றுகள் இரட்டையாக வந்தால் அது தீய எண். ஒற்றையாக வந்தால் வெறுக்கத்தக்க எண். தாரிகா இதைச் சொன்ன அன்று, உங்கட ஆக்களுக்கு வேறு வேலை இல்லையா என்று சாரங்கன் கேட்டிருந்தான். இல்லைத்தான், அதுக்குத்தானே சம்பளம் இல்லை என்றாள். முதன்மை எண் என்பதால் அது குறை எண்ணும்கூட. முதன்மை, குறை, வெறுக்கத்தக்கது. "கலியாணத் தரகர் சொல்லாமல் விட்ட விபரம் எல்லாம் இதில இருக்கு" என்பாள்.

"என்ட நம்பரையும் பாத்துச் செல்லுங்களன்."

சாரங்கன் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தான். "மூண்டால் பிரியும். சேர்த்தி எண். காரணி கனக்க இருக்கும்."

"சரிதான். எனக்கு ஆறு புள்ள" என்றார் பௌஸி.

பிறகு அவர் முகம் மாறியது. பழச்சீப்பைக் கீழே வைத்தார்.

"தம்பி, நான் வந்தது இதுக்கில்ல. நேத்து ஒரு கோல். கொழும்பு வீட்டு நம்பர். ஒரு வயசான உம்மா. எடுத்த ஒடன, 'நான்தான். ஒண்டே ஒண்டு கேக்கிறன். பிள்ளை கடைசில என்னைக் கேட்டவளோ?' எண்டாங்க. ரோங் நம்பர் எண்டு செல்லத்தான் வாயத் தொறந்தேன். நாக்குப் பொரளல்ல." அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "ஓ எண்டுட்டேன். ஒரே ஒரு ஓ. அவங்க அல்லாஹ்வே, இல்ல, முருகா எண்டாங்க. வச்சிட்டாங்க."

சாரங்கன் பேப்பர் துண்டை மடித்தான்.

"கேட்டாங்கதானே, தம்பி? ஒங்கட மனிசி? உம்மாவக் கேட்டிருப்பாங்கதானே?"

ரயில் ஒன்று போனது. யன்னல் சாத்தியிருந்தும் கண்ணாடி அதிர்ந்தது.

"வாங்கோ, கொட்டாஞ்சேனைக்குப் போவம்" என்றான் சாரங்கன். சேட் ஏற்கெனவே அயர்ன் பண்ணியிருந்தது. பௌஸி பழச்சீப்பையும் எடுத்துக்கொண்டார்.

பௌஸியின் வான் பின்பக்கம் முழுக்க சைலன்சர்கள் கிடந்தன. வளைவுகளில் அவை ஒன்றோடொன்று மோதிக் கோவில் மணிக்கூட்டம் போலச் சத்தம் போட்டன. வழியில் மறுபடியும் சுவிஸ் எடுத்தது. பௌஸி போனைக் காதில் வைத்து, "போட்டாச்சி, போட்டாச்சி, மொதல்ல போட்டாச்சி" என்று சொல்லி வைத்தார்.

நிக்கலஸ் பூசை முடிந்து வந்து அச்சகத்தைப் பாதி திறந்து வைத்திருந்தார். முந்நூறு கல்வெட்டும் கட்டுக் கட்டாகத் தயாராக இருந்தன. சாரங்கன் ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். பெரிய எழுத்தில், அழகான கரையோடு, பௌஸியின் தொலைபேசி இலக்கம்.

"நான் சொன்னேன் பாஸ், எட்டு நம்பர்தான் அனுப்பினாருன்னு" என்றார் நிக்கலஸ். "பெரியவர் வந்து ப்ரூஃப் பார்த்துட்டு, மருமகன் பாவம், புது நம்பர் எடுத்திருக்கார், அவசரத்துல விட்டுட்டாருன்னு சொல்லி அவரே பேனையால போட்டாரு. அதையே நெட்டுக்கும் அனுப்பச் சொன்னாரு. நான் ஒண்ணே ஒண்ணுதான் தப்பா அடிச்சேன்."

"ஸ்டிக்கர் அடிச்சு மேல ஒட்டேலாதோ?"

"ஸ்டிக்கர் எப்படியும் அடிக்கத்தான் வேணும். இன்னிக்குக் காலைல பெரியவர் வீட்டு அம்மாவே கோல் எடுத்தாங்க. இன்னொரு வரி சேர்க்கணுமாம்." நிக்கலஸ் மேசையில் கிடந்த துண்டைப் பார்த்து வாசித்தார். "'இறுதி மூச்சிலும் அன்னையை அழைத்து' ன்னு. பாட்டு எழுதுறவருக்கும் சொல்லியாச்சு. அவரு வெண்பாவில ஒரு சீர் இடிக்குதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்காரு. பின்னேரத்துக்குள்ள வந்தா அடிச்சிரலாம்."

பௌஸி சுவரில் இருந்த கலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

ஒரு "ஓ" ஒரே நாளில் வெண்பாவாகப் போய்க்கொண்டிருந்தது. சாரங்கன் கல்வெட்டை மூடினான். தாரிகாவுக்கு 91 என்ற எண்ணைக் கண்ணில் காட்டக் கூடாது. பார்த்தால் முதன்மை போல நல்ல பிள்ளையாக நிற்கும். ஏழாலும் பதின்மூன்றாலும் பிரியும். பரீட்சையில் பாதி வகுப்பு அதில் விழும். "மூஞ்சையைப் பார்த்துப் போட்டு முதன்மை எண்டு எழுதாதேங்கோடா, பிரிச்சுப் பாருங்கோ" என்று அவள் கத்துவது தெருவுக்குக் கேட்கும் என்று வகுப்புப் பெடியள் சொல்வார்கள்.

"பின்னேரம் சொல்லுறன்" என்று நிக்கலஸிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

மாமனார் வீடு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். பௌஸி வானிலேயே இருக்கிறேன் என்றார். வாசலில் நின்ற சிவபாதசுந்தரம் விடவில்லை. "வாங்கோ வாங்கோ, பழம் வேற கொண்டு வந்திருக்கிறீங்கள்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மகள் செத்த பிறகு அவர் எல்லாரையும் கையைப் பிடித்துத்தான் உள்ளே கூட்டிப் போகிறார்.

மனோன்மணி குசினியிலிருந்து வந்தார். சாரங்கனைப் பார்த்தார். பார்த்ததோடு நில்லாமல் பேசினார்.

"இருங்கோ தம்பி. மெலிஞ்சு போனீங்கள். புட்டு அவிச்சனான், சாப்பிடுங்கோ."

ஒரு மாதத்தில் அவனிடம் அவர் சொன்ன முதல் வார்த்தைகள். அவர் தலை வாரியிருந்தார். முகத்தில் திருநீறு இருந்தது. செத்தவீட்டில் பார்த்த ஆள் இல்லை. அந்த ஒரு "ஓ" போய் இவரைத் தூக்கி நிமிர்த்தி, குளிக்க வார்த்து, அடுப்படிக்கு அனுப்பியிருக்கிறது.

"மாமா, அந்த நம்பர்" என்று தொடங்கினான் சாரங்கன்.

"அதுக்கென்ன? நான் திருத்திப்போட்டன். முப்பத்திரண்டு வருசம் ரெலிபோன் பகுதியில வேலை செய்தவன் நான். எட்டு இலக்கத்தோட ஒரு நம்பர் இந்த நாட்டில இல்லை. முன்னுக்கு வாறதைப் போட்டன், நடுவில விட்டுப்போனதையும் போட்டன்."

"நடுவில விட்டுப்போனது எது எண்டு எப்பிடித் தெரியும்?"

"ஒரு அனுபவந்தான்."

"மாமா, அது போன் நம்பர் இல்லை. ஒரு எண். தாரிகாவுக்குப் பிடிச்ச ஒரு முதன்மை எண்."

சிவபாதசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அதுக்கு அடிச்சால் ஆர் எடுப்பினம்?"

"ஒருத்தரும் எடுக்க மாட்டினம்."

"ஒருத்தரும் எடுக்காத இலக்கத்தை ஆரும் கல்வெட்டில போடுவினமோ, தம்பி?"

"தேவாரம் போட்டிருக்கிறீங்கள். அதுக்கு ஆர் எடுக்கினம்?"

சிவபாதசுந்தரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதை இருமலாக மாற்றி, சுவாமிப்படம் இருந்த பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மனோன்மணி இது ஒன்றையும் கவனிக்கவில்லை. வந்தவரைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் தம்பியோட வேலை செய்யிறனீங்களோ? பிளேன்ரீ குடிப்பீங்கள்தானே?"

"ஓ" என்றார் பௌஸி.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. மனோன்மணி நின்ற இடத்திலேயே நின்றார். பௌஸி பழச்சீப்பைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், கடைசியில் சாரங்கனைப் பார்த்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார் மனோன்மணி.

"உம்மா, நான் வேணுமெண்டு..."

"அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ."

"ஓ" என்றார் பௌஸி மறுபடியும், மிக மெல்லமாக. பிறகு அடக்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டினார்: ஜும்மா, கனடா, சுவிஸ், நாக்குப் புரளாதது. "ஒங்கட மக எண்டு தெரியாது. ஆர்ட மக எண்டாலும் அதத்தான் சென்னீப்பேன். மன்னிச்சிக்கங்க, உம்மா."

மனோன்மணி கதிரையில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. "நீங்கள் என்ன செய்வீங்கள், பாவம். பிழையா அடிச்சது நான்" என்றார். "இவர் அடிச்சது" என்று திருத்திக்கொண்டார். சிவபாதசுந்தரம் கண்ணாடியைத் துடைத்தார். முப்பத்திரண்டு வருடச் சேவைக் காலத்தில் அவர் இணைத்துக் கொடுத்த எந்தத் தொடர்பும் இப்படிப் போய் முடிந்திருக்காது.

குசினியில் புட்டு வாசம் வந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

"அப்ப பிள்ளை என்னைக் கேக்கேல்லை" என்றார் மனோன்மணி. கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

பௌஸி சாரங்கனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெளிவாகத்தான் இருந்தது. ஒரு சொல், தம்பி. எனக்கே முடிஞ்சது, ஒங்களுக்கு முடியாதா?

முடியும். அதுதான் பிரச்சினை. சாரங்கனுக்கு இப்போது எதுவும் முடியும். உள்ளுக்குள்ளே தடுக்க ஒன்றும் இல்லை. "கேட்டவ, மாமி" என்று சொன்னால் புட்டு பரிமாறப்படும். பின்னேரத்துக்குள் வெண்பாவில் சீர் சரிவரும். முந்நூறு பேர் அதை வாசித்து உச்சுக் கொட்டிவிட்டு அதனாலேயே விசிறிக்கொள்வார்கள். மாமியார் மிச்சக் காலம் முழுக்க ஒரு நல்ல பிள்ளையின் தாயாக இருப்பார். அந்தப் பிள்ளை மட்டும் தாரிகாவாக இருக்காது. அம்மா என்று அழைத்துக் கண்ணை மூடிய யாரோ ஒருத்தி. முகத்தைப் பார்த்தால் சரியாகத்தான் இருப்பாள்.

உண்மையைச் சொன்னால் இந்த மனுசி இன்னும் ஒடிந்துபோகலாம். ஒரு மாதமாக அவன் பயந்ததும் அதுதான். ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டபோது, உங்கள் மகள்தான் வேண்டாம் என்றாள் என்று செத்தவீட்டில் வைத்து எப்படிச் சொல்வது? பழியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். வைத்திருக்க இடம் நிறைய இருந்தது.

"மாமி" என்றான். "உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னது அவதான்."

சிவபாதசுந்தரம், "தம்பி" என்று கையை உயர்த்தினார்.

"சொல்லட்டும்" என்றார் மனோன்மணி. அவர் முகம் கல்லாகிக்கொண்டிருந்தது. "ஏன் வேண்டாமாம்? நான் அவளுக்கு என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"பின்னை? என்ன சொன்னவள்? நீங்கள் ஒண்டும் கூட்டாதேங்கோ, குறைக்காதேங்கோ. வெண்பாவுக்கு ஏற்ற மாதிரி வேண்டாம். அவள் சொன்னதை அவள்ட வாயால சொன்ன மாதிரிச் சொல்லுங்கோ."

சாரங்கன் யோசித்துப் பார்த்தான். அன்று பின்னேரம். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று காவலாளி வார்டு வார்டாகக் கத்திக்கொண்டு வந்தான். சாரங்கன் எழும்பி, மாமிக்கு ஒரு கோல் எடுக்கட்டுமா என்று கேட்டான். அவள் கண்ணைத் திறந்தாள். அன்றிரவு அவளுக்கு நினைவு தப்பியது. பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. ஆகவே இதுதான் கடைசி. அவன் எத்தனையோ தரம் பிரித்துப் பார்த்திருக்கிறான். இதற்குள் வேறொன்றும் இல்லை.

அவன் தொண்டையைச் செருமினான். தாரிகா பேசுகிற வேகத்திலேயே, அவள் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னான்.

"அம்மாவுக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ. இஞ்ச லிஃப்ட் வேலை செய்யேல்லை. அந்த முழங்காலை வச்சுக்கொண்டு, இடியப்பப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் ஏறி வந்து நிண்டு, 'ஏன் எனக்குச் சொல்லேல்லை' எண்டு என்னைத்தான் பேசுவா. நாளைக்கு லிஃப்டைத் திருத்தினாப் பிறகு சொல்லுங்கோ."